பூஜைக்கு வைத்த சர்வர்

விஜயதசமி காலை வெயில் பூஜை அலமாரியில் சாய்வாக விழுகிறது. நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக அங்கே உட்கார்ந்திருக்கிறது தினகரனின் சர்வர், டிபன் டப்பா அளவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். வீட்டுப் போட்டோ, காலண்டர், பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் அதுதான் என்று இரண்டு வருடம் முன்பு செம்பாக்கம் வீட்டில் சட்டம் போட்டவர் அவர். "நம்ம போட்டோ எவன் கம்ப்யூட்டர்லயோ எதுக்குக் கிடக்கணும்?" ஆயுத பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்று நேற்றுக் காலை அதை அணைத்தார். போட்டோ வரவில்லையே என்று யாராவது கேட்பார்கள் என நாள் முழுக்கக் காத்திருந்தார். இப்போது ஒயரில் ஒட்டிய பொரியைத் தட்டிவிட்டுச் செருகுகிறார். பச்சை விளக்கு மினுங்குகிறது, உள்ளே விசிறி முனகுகிறது. பக்கத்தில் பொட்டு வைத்திருந்த அரிவாள்மனையை மனைவி கோகிலவாணி விடிந்ததுமே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுக்களையில் அவரைக்காய் நறுக்கும் சத்தம் கேட்கிறது. "நேத்து முழுக்க ஆஃப்ல இருந்துச்சே, கஷ்டப்பட்டீங்களா?" என்கிறார். "எது?" என்கிறாள் கோகிலவாணி, கை நிற்காமல். மகள் அனுப்பிரியா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூஜை போட்டோ எல்லாம் எப்பவும் போடற ஆன்லைன் ஆல்பத்துல போட்டுட்டேம்பா. அம்மாவும் அங்கதான் பாக்கறாங்க. உங்களுக்கும் லிங்க் அனுப்பவா?" அவர் லேப்டாப்பைத் திறக்கிறார். சர்வருக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பட்டியல் விரிகிறது. தினகரன், தினகரன், தினகரன் என்று அது கீழே போய்க்கொண்டே இருக்கிறது.