எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்

"எக்ஸ்பிரஸ்ல போனா இருபதே நிமிஷம் மாமா."

"பாசஞ்சர்ல போனா ஒண்ணேகால் மணி நேரம். டிக்கெட் மூணுல ஒரு பங்கு." மாமனார் அதற்குள் கவுண்டருக்குள் கையை நீட்டிவிட்டார்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டான். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டைச் சுற்றி வந்தவனுக்கு இப்போதுதான் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. பிளேனைத் தவறவிட்டால் அதுவும் போச்சு.

ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"அப்பா அப்படித்தாங்க" என்றாள் அவள். "தெருவுல யார் ஏர்போர்ட் கிளம்பினாலும் துணைக்கு வர்றேன்னு நிப்பார். அவங்களையும் பாசஞ்சர்லதான் ஏத்துவார்."

"எல்லாரையும் கஞ்சனாக்கிட்டுதான் ஓய்வார் போல."

"ஆயுசுல பாதி ரயில் ஓட்டினவர். முதுகுவலின்னு பாதியில வேலையை விட்டுட்டார். ரயில் மேல ஆசை போகல. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பாசஞ்சர் ஊர்ந்தது. வெளியே காலைப் பனி இன்னும் விலகவில்லை. பெட்டியில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் போக, கடைசியில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"லக்கேஜோட ஒருத்தரையும் காணோமே மாமா. எல்லாரும் எக்ஸ்பிரஸ்ல போயிட்டாங்க. புத்திசாலிங்க."

வண்டி நடுவழியில் ஒதுங்கி நின்றது.

"என்ன மாமா?"

"எக்ஸ்பிரஸுக்கு வழி விடுறான்."

அடுத்த நிமிஷம் பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் இரைந்துகொண்டு போனது. ஜன்னல்கள் எல்லாம் நடுங்கின. மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது போன பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பாசஞ்சர் மறுபடி கிளம்பியது. சட்டென்று அவர் எழுந்து, எதிர் சீட்டில் கிடந்த மாப்பிள்ளையின் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தார்.

"வண்டியே காலியா கெடக்கு. யாருக்கு மாமா இடம் போடுறீங்க?"

மறுபடி உட்கார்ந்தவரின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. காற்றில் எதையோ பிடித்து, தன் பக்கமாக இழுத்தது. விரல் முட்டிகள் வெளுத்துப் போயின. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை.

வண்டி நின்றது.

சின்ன ஸ்டேஷன். ஒரு பெஞ்சு, பனிக்குள் மங்கலாக ஒரு விளக்கு. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. சில்லென்ற காற்று மட்டும் உள்ளே வந்தது.

மாமனாரின் பார்வை கதவிலிருந்து நடைபாதைக்கு வந்தது. ஒருத்தர் நடந்து வருவதைப் பார்ப்பதுபோல மெதுவாக நகர்ந்து, எதிர் சீட்டில் வந்து நின்றது. கை தளர்ந்து மடியில் விழுந்தது.

"உட்காரும்மா" என்றார். "நேரம் இருக்கு."

மாப்பிள்ளை சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"மாமா, யார்கிட்ட பேசுறீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். தூங்குகிற பிள்ளை பக்கத்தில் சத்தம் போடாதே என்பதுபோல.

எதிர் சீட்டைப் பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளை தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை கண் தப்பிவிட்டது. சீட் காலிதான். ஆனால் அதை ஒட்டிய ஜன்னல் கண்ணாடியில், யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளை வட்டம் பூத்து, மெல்லக் கரைந்தது. அதன்பிறகு அவன் தலையே நிமிரவில்லை.

ஏர்போர்ட் ஸ்டேஷன் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கப் போனவனை மாமனார் தோளைத் தொட்டு நிறுத்தினார். கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"பாத்து இறங்கும்மா."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப நீங்க இறங்குங்க மாப்ளே."

பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு மூச்சே வந்தது. கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. பரிதாபமாக இருந்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் யாரையாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். மாத்திரையும் தந்தார். போட்டுக்கிட்டுதான் இருக்கேன்." அவர் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு முதுகுவலின்னுதான் தெரியும்."

"என்ன மாமா நடந்துச்சு?"

"அந்தச் சின்ன ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு, கையில பெட்டியோட நின்னுச்சு. அன்னைக்குன்னு பாத்து பாசஞ்சரை ரத்து பண்ணிட்டாங்க. பிளேனுக்கு நேரமாச்சேன்னு தண்டவாளத்துல இறங்கி எக்ஸ்பிரஸுக்குக் கை காட்டிச்சு."

"எக்ஸ்பிரஸ் நிக்கலையா?"

"அங்க ஸ்டாப்பிங் கிடையாது. பிரேக்கை இழுத்தேன் மாப்ளே, முழு பலத்தோட இழுத்தேன். முன்னூறு மீட்டர் தள்ளிப் போய்த்தான் நின்னுது."

பக்கத்தில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும்வரை அவர் காத்திருந்தார்.

"உங்களுக்குத் துணைக்கு வர்றதா எல்லாரும் நினைக்கிறீங்க. எனக்குத்தான் தனியா வர தைரியமில்ல."

"அப்ப, டிக்கெட் காசு மிச்சம்னு சொன்னது?"

"காரணம் கேப்பாங்களே, அதுக்காக. கஞ்சன்னு சொல்லிட்டா அதோட விட்டுடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அவளை இங்க கொண்டுவந்து இறக்கி விடணும் மாப்ளே. அதான், அங்க நிக்கிற வண்டியா பாத்து ஏறுறேன்."