இரண்டாவது வழி

வான்கூவர் தீவின் குளிர்ந்த கடலில், முக்குளிப்பவர்கள் சுற்றிப் பார்ப்பதற்காகவே மூழ்கடித்து வைத்த பழைய போர்க்கப்பல் அது.

"மீன் பாக்க மேல்தளம் போதாதா? இந்த வயசுல இன்ஜின் அறைக்குத்தான் போகணுமா சார்?" படகில் வழிகாட்டி லோர்னா கேட்டாள்.

"அதைப் பாக்கத்தான் வந்தேம்மா," என்றார் டெஸ்மண்ட்.

"சரி, பயப்படாதீங்க. ஒரே கதவு இருக்குற அறைக்குள்ள யாரையும் விட மாட்டோம். கப்பலை மூழ்கடிக்கறதுக்கு முன்னாடி நானே இன்ஜின் அறைச் சுவரை வெட்டி ரெண்டாவது வழி வெச்சேன். அரை நாள் வேலைதான்."

கீழே போனதும் அவர் அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். லோர்னா மூன்று முறை சைகை காட்டிய பிறகுதான் மேலே வந்தார்.

"அப்படி என்ன சார் பாத்தீங்க?"

"நான் இந்தக் கப்பல்ல மாலுமியா இருந்தப்போ ஒரு நாள் அந்த அறைல தீப்பிடிச்சுது. பரவக் கூடாதுன்னு உத்தரவு. இருந்த ஒரே கதவை வெளியிலிருந்து அடைச்சவன் நான்தான். உள்ள என் தம்பி இருந்தான்."

லோர்னா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அரை நாள் வேலைன்னா சொன்னே?"