களையான தோட்டம்

கையும் களவுமாகத்தான் பிடிபட்டாள் வாலு. ஒரு கை நிறையப் பிடுங்கிய பீன்ஸ் செடிகள்; இன்னொரு கையை இறுக்கி மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

பள்ளித் தோட்டத்துப் பாத்திகள் எல்லாம் மொட்டை. வகுப்பே சுவரோரமாக விழித்துக்கொண்டு நின்றது. தோட்டத்துக் கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்துகொண்டார் ஹெட்மாஸ்டர்.

"காலையிலகூட எவ்ளோ களையா இருந்துச்சு! எல்லாச் செடியும் ஒரே உயரம். கமிட்டிக்காரங்க வர்ற நேரத்துல இப்படியா பண்ணுவீங்க?"

அறிவியல் டீச்சரும் பிள்ளைகளோடு சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடையது தற்காலிக வேலை. பிள்ளைகளே விதைத்து வளர்த்த தோட்டத்தை, பள்ளியைப் பார்வையிட வரும் கமிட்டிக்குக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"விட்டுடுங்க சார், சின்னப் புள்ளைங்க. நான் பேசிக்கிறேன்" என்று கெஞ்சினாள்.

"உங்க வயித்துல அடிச்சிருக்காங்க, நீங்க பாவம் பார்க்கறீங்க! இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்து தோட்டத்துல குனிஞ்சு கிடந்தீங்களாமே, வாட்ச்மேன் சொன்னார். அந்த உழைப்புக்கு நான் நியாயம் கேட்காம விடமாட்டேன்."

பாராட்டு கழுத்தை நெரிக்கும் என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னால் சுவர், முன்னால் ஹெட்மாஸ்டர். ஓடவும் வழியில்லை.

"யாரு சொல்லிப் பிடுங்கின?" என்று வாலுவிடம் திரும்பினார் ஹெட்மாஸ்டர்.

"டீச்சர்தான் சார்" என்றாள் வாலு.

"நான்... களை எடுக்கத்தானே சொன்னேன்?" என்றாள் டீச்சர்.

"அதைத்தான் எடுத்தோம் டீச்சர். நாம விதைக்காம வந்ததெல்லாம் களைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"வாயைப் பாரு!" என்று அதட்டினார் ஹெட்மாஸ்டர். " போன வாரம் நீங்க எல்லாரும் விதைச்சதை நானே பார்த்தேன். பின்னால என்ன ஒளிச்சு வச்சிருக்க? கையைத் தொற!"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாலு விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கை நிறைய பீன்ஸ் விதைகள். ஈர மண் ஒட்டியிருந்தது. ஒன்றுகூட முளை விட்டிருக்கவில்லை.

"நாங்க விதைச்சது இதோ இருக்கு சார்!"