துணைக்கு ஒரு குரல்

“நீ பாடக்கூடாதுன்னா பாடக்கூடாது!”

“பாடாம மேடையில உக்காந்து என்ன பண்ண, உஸ்தாத்? முலாம்பழம் விக்கவா?”

“வித்துக்கோ. உன் தொண்டையிலருந்து ஒரு சத்தம் வெளிய வரக்கூடாது, அவ்வளவுதான்.”

“விளம்பரத்துல இருக்கறது என் பேரு...”

“பேரு உன்னோடது. குரல் யாரோடது? பன்னெண்டு வருஷம் ஒவ்வொரு குழைவையும் நான் ஊட்டினேன். இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!”

சியாமக் தலையைச் சொறிந்தான். நாற்பது வயது, முன்வழுக்கை, இஸ்ஃபஹான் நகரம் முழுக்கத் தெரிந்த பாடகன். குரு தூரான் அம்மாள் முன்னால் மட்டும் இன்னமும் தரையில் காலை மடக்கித்தான் உட்காருவான்.

மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது கதவைத் தாண்டிக் கேட்டது. “சிஷ்யன் பேர் வாங்கிட்டான்ல. பொறுக்கல கிழவிக்கு.”

தூரான் பதில் சொல்ல எழுவதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்து ‘ஹலோ’ என்றாள். மறுமுனையில் கேஸ் ஆபீஸ் பெண். “ஐயா, வீட்டுல உங்க சம்சாரம் இருக்காங்களா?”

“நான்தாம்மா அந்தச் சம்சாரம்,” என்று ரிசீவரைப் பட்டென்று வைத்தாள். சியாமக் சிரிப்பை மறைக்கத் தேநீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டான்.

“சிரி, நல்லா சிரி. சனிக்கிழமை தொண்டையில கத்தி வெச்சப்புறம் இந்தக் குரலும் இருக்காது. கட்டியை எடுத்துட்டா பேச்சு வரும், பாட்டுக்கு நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் கையை விரிச்சுட்டான்.”

சியாமக் குவளையைக் கீழே வைத்தான்.

“ஆம்பளைங்க இருக்கற சபையில பொம்பளை தனியாப் பாடக்கூடாது, துணைக்கு ஒரு ஆம்பளைக் குரல் கூடவே போகணும். சட்டம், சரி. நாப்பத்தஞ்சு வருஷமா ஜன்னலைச் சாத்திட்டுத்தான் பாடறேன், எவனையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? வியாழக்கிழமை உன் கச்சேரியில ஒரே ஒரு பாட்டு. கடைசிப் பாட்டு. நீ பக்கத்துல உக்காந்து வாயை மட்டும் அசை. கண்ணுக்கு ரெண்டு பேரு, காதுக்கு நான் ஒருத்தி.”

“கச்சேரி அனுமதி ஆபீஸ் அதிகாரி முன்வரிசையிலயே உக்காருவார். காதுல பஞ்சா வெச்சிருக்கார்? சங்கீதம் தெரிஞ்ச மனுஷன் வேற. கண்டுபிடிச்சா உங்களுக்கும் போச்சு, எனக்கும் போச்சு.”

“எனக்குப் போக இன்னும் என்ன மிச்சமிருக்கு?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெயிற்காலத்திலும் கம்பளம் தொங்கும் ஜன்னல்.

“வாசல்ல நுழையும்போதெல்லாம் ‘உங்களுக்காக உயிரையே கொடுப்பேன்’னு சொல்றியே, சியாமக். உயிர் வேணாம்ப்பா. அஞ்சு நிமிஷம் சும்மா இரு, போதும்.”

வியாழக்கிழமை மண்டபத்தில் இடமில்லை. சியாமக் ஒரு மணி நேரம் பாடி முடித்ததும் தூரான் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளுக்கொரு மைக். முன்வரிசையில் அதிகாரி, மடியில் குறிப்பேடு.

தார் வாத்தியம் தொடங்கியது. சியாமக் வாயைத் திறந்தான். சொன்ன சொல் தவறவில்லை, மூச்சுக்கூட வெளியே வரவில்லை.

முதல் அடியில் தூரானுக்குக் குரல் நடுங்கியது. இரண்டாவது அடியில் நடுக்கம் நின்றது. மூன்றாவதில் இரண்டு பக்க ஒலிபெருக்கியிலிருந்தும் எழுந்து கூரைவரை போனது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த அந்தக் குழைவுகளை, அன்றைக்குத்தான் அவள் தனக்காகப் பாடினாள். கட்டி, கத்தி, சனிக்கிழமை எதுவும் நினைவில் இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரியின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

பாட்டு முடிந்தது. மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது.

கேட்டுவிட்டார்கள், என்று நினைத்தாள். இனி டாக்டர் என் தொண்டையை அறுக்கட்டும்.

மேடைக்குப் பின்னால் கதவு திறந்தது. அதிகாரி. கண்கள் சிவந்திருந்தன. சியாமக் ஒரு அடி பின்வாங்கினான்.

தூரான் முன்னால் வந்து நின்றாள். “ஐயா, இவனை ஒண்ணும் பண்ணாதீங்க. எல்லாம் என்...”

அவர் காதில் அது விழவே இல்லை. சியாமக்கின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “கடைசிப் பாட்டுல என்னை அழ வெச்சுட்டீங்க, தம்பி. என்ன குரல் அது! என்ன கனம்! இத்தனை நேரம் அதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

பிறகு தூரான் பக்கம் திரும்பினார். மரியாதையாகப் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

“நீங்க ஏம்மா வெறும் வாயை மட்டும் அசைச்சீங்க? பயப்படாம நீங்களும் கொஞ்சம் பாடியிருக்கலாமே.”