'வேண்டாம்' அலோயிஸ்

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அலோயிஸ் நுழைந்ததும் ஊரே எழுந்து கைதட்டியது. இதுவரை எந்த ஊர்க்கூட்டத்திலும் கிடைக்காத மரியாதை. 'இப்போதாவது என் அருமை தெரிந்ததே' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தெரியாமல் என்ன? போதிய கையெழுத்துச் சேர்ந்தால் சபை முடிவையும் மக்கள் வாக்குக்கு விட்டாக வேண்டிய சுவிட்சர்லாந்தில், கையெழுத்து வேட்டைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அலோயிஸ் தனி ரகம். ஊர்ச்சபை எதை முடிவெடுத்தாலும் சீஸ் கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கி, வாக்கெடுப்புக்கு இழுத்துவிடுவார். அப்படித்தான் பள்ளியின் புதுக்கூரைத் திட்டம் போயிற்று, மாலைப் பேருந்துத் திட்டமும் போயிற்று. போன வருடம் ஏதோ ஒரு பழைய சட்டத்தை ஒழிக்கப் பார்த்தார்கள். "பாட்டன் பூட்டன் வச்சதுல கை வைக்காதே" என்று அதையும் காப்பாற்றிக் கொடுத்தார்.

"ஏண்ணே, நீங்களே ஒருதரம் சபையில உக்காந்து பாருங்களேன்" என்றான் பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடை டோனி.

"எனக்கென்ன கிறுக்கா? முடிவெடுக்கிறவனுக்குத் திட்டு, தடுக்கிறவனுக்குக் கைதட்டு. இந்தச் சுகத்தை விடுவேனா? அதுசரி, நான் வம்பு பண்ணாத வீடு எது? எனக்கு எவன் கை தூக்குவான்?" அலோயிஸ் சிரித்தார். "அதென்னடா பையில காகிதம்?"

"டாக்டர் சர்ட்டிபிகேட். தலைவர் தேர்தல் வந்தாலே எனக்கு முதுகுவலி வந்துரும்ணே."

தலைவி மார்த்தா மணியை அடித்தார். "பனி அள்ள புது வண்டி வாங்கலாமா?"

அலோயிஸ் எழுந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவ்வளவுதான். 'வேண்டாம்' என்று கைகள் காடாய் முளைத்தன. ஆச்சரியம், மார்த்தா முகம் வாடவே இல்லை.

"சரி, அடுத்தது. என் பதவிக்காலம் இன்னியோட முடியுது. புதுத் தலைவருக்குப் பேர் சொல்லுங்க."

"அலோயிஸ்!"

கூடமே ஒரே குரலில் கத்தியது. முதுகுவலிக்கார டோனி இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

"வேண்டாம்! எனக்கு வேண்டவே வேண்டாம்! நான் மறுக்கிறேன்!"

மார்த்தா மேடையை விட்டு இறங்கி வந்து, மணியை அவர் கையில் திணித்தார்.

"ஊர் கைகாட்டினா மறுக்கக் கூடாதுங்கிற சட்டத்தைத்தானே போன வருஷம் ஒழிக்கப் பாத்தோம்? நீங்கதான் காப்பாத்திட்டீங்களே, தலைவரே!"