கணவாய்க்கு இறங்குங்கள்

கைப்பேசியை மொலெஃபியின் மேசைமேல் ஓங்கி வைத்தாள் லிமகாட்சோ.

"படிங்க ஐயா. மலை உச்சியில நின்னு லெகேத்தோ அண்ணன் அனுப்பினது."

'மைனஸ் ஒன்பது. தெற்குக் காற்று. ராத்திரி பெரும்பனி. இருட்டுவதற்குள் எல்லா மந்தையும் கணவாய் வழியாக இறங்கணும்.'

லெகேத்தோ மேய்ப்பர். மேய்ச்சல் மேட்டில் வானிலைக் கருவியைப் பார்த்து தினமும் காலையில் செய்தி அனுப்புவது அவர் வேலை. அதை வானொலியில் சொல்வது இவள் வேலை.

நிலையப் பொறுப்பாளர் மொலெஃபி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைக் காட்டினார். வெளியே பளீரென்று வெயில்.

"தலைநகர் மசேருல இருந்து வந்த வானிலைத் தாள்ல பனின்னு ஒரு எழுத்து இல்லியே, பொண்ணே."

"ஹீட்டர் பக்கத்துல உக்காந்து எழுதின தாள். போன வருஷமும் அதைத்தான் படிச்சோம். என் தம்பியைப் பனிக்குள்ள இருந்து தோண்டித்தான் எடுத்தோம். மறந்துட்டீங்களா?"

மொலெஃபியின் குரல் இறங்கியது. "அதுக்கில்ல. ஆடு திருடுற துப்பாக்கிக்காரனுங்க மூணு வாரமா சுத்துறானுங்க. மந்தையெல்லாம் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிறதாலதான் தப்பிச்சுது. எல்லாத்தையும் ஒரே கணவாய்க்குள்ள விடச் சொல்றியே."

"திருடன் பத்து ஆட்டை ஓட்டுவான். பனி மேய்ப்பனையும் சேத்து மூடிடும்."

மலைமேல் அவளுடைய அப்பா இருந்தார். அவளைப் படிக்கவைத்த அறுபது ஆடுகளும் அவரோடுதான் இருந்தன.

மொலெஃபி மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். "கடைசி வரியில புகையிலை கேக்காம விடமாட்டானே உங்க அண்ணன்."

"மூணு நாளாவே கேக்கல. குளிர்ல விரல் விறைச்சுப்போயிருக்கும், பாவம்."

அவர் சிரித்துவிட்டு வழிவிட்டார். ஒலிவாங்கிமுன் உட்கார்ந்து மூன்று முறை சொன்னாள். கெஞ்சவில்லை, அதட்டினாள்.

மூன்று மணிக்கு அப்பா கூப்பிட்டார். "எல்லாரும் கிளம்பிட்டோம்மா. ரெண்டாயிரம் ஆடு, ஒரே வரிசை. கணவாய் வந்துடுச்சு. உள்ள போனா போன் எடுக்காது, பயப்படாதே."

தான் படித்த படிப்பு முதல் தடவையாக மலை ஏறியிருக்கிறது என்று தோன்றியது அவளுக்கு. தம்பிக்குச் சொல்லாமல் விட்டதை அப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். மூச்சு சீராக வந்தது.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. கிழிந்த போர்வை, வெடித்த உதடு, கால்களில் முழங்கால்வரை சேறு. குதிரை இல்லாமல் அத்தனை தூரமும் நடந்தே வந்திருந்தார் லெகேத்தோ.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கண்ணே. காலையில நீங்க அனுப்பின செய்தியாலதான் இன்னிக்கு மலையே தப்பிச்சுது."

லெகேத்தோ அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்தார்.

"என்ன செய்தி? துப்பாக்கிக்காரனுங்க என் போனைப் புடுங்கிட்டுப் போயி மூணு நாளாச்சேம்மா."