காலடியில் சுருண்ட நிழல்

கோடையின் நடுப்பகல். மெல்லிய மேகமும் குளிர்ந்த காற்றும், வெயில் ஊரை ஏமாற்றப் போட்டுக்கொண்ட வேஷம்போல இருக்கின்றன. கடற்கரையின் நீச்சல் காவலர் அக்கா கையிலிருக்கும் கருவியைப் பார்த்து, புற ஊதாக் கதிர் அளவுப் பலகையில் சாக்பீஸால் 'பதினொன்று' என்று எழுதுகிறாள். எட்டைத் தாண்டினால் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு கிடையாது. அது அவள் போட்ட சட்டம். தண்ணீரில் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள, பளபளக்கும் வழுக்கையோடு வந்திருக்கும் நகராட்சித் தலைவரின் முகம் சுண்டிப்போகிறது. "என்னம்மா இது, குளுகுளுன்னு இருக்கு! குளிர்காலத்துல எழுதின மூணையே எழுதிப் போடேன்." "குளிர்ச்சி காத்துல இருக்கு சார். தோலைப் பொசுக்குறது மேலருந்து வர்ற கதிர். உங்க நிழலைப் பாருங்க." அவர் குனிகிறார். போகுமிடமெல்லாம் பத்துப் பேர் பின்தொடரும் மனிதரின் மங்கலான நிழல், பூனைக்குட்டிபோலக் காலடியில் சுருண்டு கிடக்கிறது. "வெயில் சாஞ்சு அது உங்களைவிட நீளமானப்புறம் வாங்க, நாலரைக்கு. பிள்ளைங்களும் அப்பத்தான் இறங்கும்." கூடாரத்துக்குள் ஓடும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தபிறகே அவள் அவர் பக்கம் திரும்பி, வெயில் களிம்பு டப்பாவை நீட்டுகிறாள். "முதல்ல தலைக்குத் தடவுங்க சார், அங்கதான் இடம் ஜாஸ்தி." விருது வாங்கிய பழக்கத்தில் தலைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார், கூட வந்த புகைப்படக்காரரும் பழக்கத்தில் படம் எடுத்துவிடுகிறார்.